போருக்குப் பின் எந்த ஊர் மிஞ்சும்?

பெரும் போர் முடிந்து நூறு, இருநூறு வருஷம் கழித்து நடக்கிற அறிவியல் புனைகதை எது கையில் கிடைத்தாலும், எந்தெந்த ஊர் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நாயகன் யார், வில்லன் யார், கதிரியக்கத்தில் பல்லி எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். மிஞ்சிய ஊர்களைப் பார்த்தாலே எழுதியவர் உட்கார்ந்து யோசித்தாரா, இல்லை சுற்றுலாப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு எழுதினாரா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை வரிசையின் உலகில் 21ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் உலகப் போர் வந்து போகிறது. 1996இல் வந்த படத்தில் ஒரு பாத்திரம் அதன் கணக்கைச் சொல்கிறது: செத்தவர்கள் 60 கோடி, பெரும்பாலான பெருநகரங்கள் அழிந்துவிட்டன. சரி, நம்புவோம். ஆனால் அதற்குப் பிந்தைய காலத்தில் பாரிஸ் அப்படியே இருக்கிறது, பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் தலைவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் விண்படைத் தலைமையகம், பின்னணியில் அதே கோல்டன் கேட் பாலம். அழிந்துபோன அந்தப் பெருநகரங்கள் எவை என்றுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

காரணம் புரியாமல் இல்லை. பாலத்தைக் காட்டினால் ஊர் எது என்று ஒரு நொடியில் விளங்கிவிடும். ஐ.நா. சாசனம் 1945இல் கையெழுத்தானதும் அந்த ஊரில்தான், அந்த வகையில் பொருத்தமும் உண்டு. அதே படத்தில் மனிதர்கள் முதன்முதலாக வேற்றுக் கிரகவாசிகளைச் சந்திக்கும் இடம் மொன்டானா மாநிலத்தின் போஸ்மன். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் பிறந்த ஊர் அது! மொன்டானாவில் அமெரிக்காவின் மினிட்மேன் அணு ஏவுகணைக் குழிகள் 150 இருக்கின்றன. உண்மையிலேயே போர் வந்தால் எதிரியின் முதல் அலை எந்த மாநிலத்தில் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொந்த ஊர்ப் பாசம் யாரை விட்டது.

கற்பனை ஒருபுறம் இருக்கட்டும். எந்த ஊர் இருக்கலாம், எது கூடாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அமெரிக்க வான்படையின் அணுகுண்டுப் பிரிவு 1956இல் தயாரித்த இலக்குப் பட்டியல் 2015 டிசம்பரில் பொதுப் பார்வைக்கு வந்தது. மாஸ்கோவுக்கு மட்டும் 179 இலக்குப் புள்ளிகள். லெனின்கிராடுக்கு 145. கிழக்கு பெர்லினுக்கு 91. விமான தளம், தொழிற்சாலை என்று வகை பிரித்துக்கொண்டே வந்து, சில நகரங்களில் 'மக்கள்தொகை' என்றே ஒரு வகை போட்டிருக்கிறார்கள். எந்தத் திகில் கதையும் எனக்கு அந்த ஒரு சொல் தந்த குளிரைத் தந்ததில்லை. இப்படி ஒரு பட்டியலில் இருந்திருக்கக்கூடிய நகரம் கதையில் கோபுரங்களோடு நிற்கிறது என்றால், எழுதியவர் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

அதிர்ஷ்டமும் ஒரு காரணம்தான். 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டோடு கிளம்பிய விமானத்துக்குக் கொடுத்த ஊர் நாகசாகி இல்லை, கொக்குரா. பக்கத்து யவத்தாவில் முந்தைய நாள்தான் பெரிய குண்டுவீச்சு நடந்திருந்தது. மேகமும் புகையும் சேர்ந்து இலக்கை மறைத்துவிட்டன. மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11:02க்கு அங்கே குண்டு விழுந்தது. கியோட்டோவும் ஆரம்பத்தில் பட்டியலில் இருந்த ஊர்தான். அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அதை நீக்கவைத்தார். ஒரு ஊர் தப்பியது புகையால், இன்னொன்று ஒரு பெரியவரின் பிடிவாதத்தால். இதைக் கதையாக எழுதி அனுப்பினால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குண்டு விழாமல் தப்புவதுதான் மிஞ்சுவதா என்றால், அதுவும் இல்லை. ஹிரோஷிமாவைப் பாருங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே செத்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். நகரின் நடுப்பகுதியில் கான்கிரீட் கூடுகள் சில தவிர ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் குண்டு விழுந்த அன்று பிற்பகலே உஷிதா நீரேற்று நிலையத்தில், காயத்தோடு வந்த ஊழியர் துணை பம்பை ஓட்டிவிட்டார். ஊரெல்லாம் குழாய் உடைந்து தண்ணீர் வழிந்து ஓடியது வேறு விஷயம், பம்ப் நிற்கவில்லை. இரண்டாவது நாள் ரயில் பாதையில் ஒரு பகுதி திறந்தது. ஜப்பான் வங்கியின் கிளையும் அன்றே திறந்தது.

மூன்றாவது நாள் டிராம் ஓடியது. ஆண்களெல்லாம் போருக்குப் போய்விட்டதால் டிராம் கம்பெனி 1943இல் ஒரு பெண்கள் பள்ளியே தொடங்கியிருந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பாதி நேரம் படித்து, மீதி நேரம் நடத்துநராகவும் ஓட்டுநராகவும் வேலை பார்த்தார்கள். ஊரின் மேற்குப் பக்கம் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளத்தைச் சரிசெய்து, வெளியே இருந்த துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்து, முதல் வண்டியை விட்டபோது அதில் நின்றது இந்தப் பிள்ளைகளில் சிலர்தான். காசு இல்லாதவர்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. குண்டில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட 651, 652 எண் வண்டிகள் இன்றும் அந்த ஊர்த் தெருக்களில் ஓடுகின்றன.

இந்த இடத்தில்தான் புனைகதைக்காரர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். துணைமின் நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள், அரிசி வந்தது. பின்னால், அரைப்பட்டினியோடு என்றாலும், ஒரு நாடு நின்றுகொண்டிருந்தது. ஊரை அழிக்க ஊரை அடித்தால் போதாது, அதற்குச் சோறும் தண்ணீரும் அனுப்புகிற சுற்றுவட்டாரத்தை அடிக்க வேண்டும்.

எதிர் உதாரணம் இன்றைய துர்க்மெனிஸ்தானில் கிடக்கிறது. மெர்வ் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. 1221இல் மங்கோலியர்கள் வந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டிப் போட்டார்கள். ஊர் முடிந்தது என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். முடியவில்லை. 15ஆம் நூற்றாண்டில் தைமூரின் மகன் ஷாருக் காலத்தில் பக்கத்திலேயே மதில் எழுப்பிப் புதிதாகக் கட்டினார்கள், மறுபடி ஆட்கள் வந்தார்கள். முர்காப் ஆறு இருந்தது, ஆற்றில் அணை இருந்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகாராவின் ஷா முராத் படையெடுத்து வந்து அந்த அணையை உடைத்தார். அதோடு சரி. படுகொலையிலிருந்து எழுந்த ஊர், அணை உடைந்த பிறகு எழவே இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பு மீதும், விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானியர் குண்டு போட்டபோது, முக்கிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கம் சொல்ல, ஊரே மூட்டை கட்டியது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்று பயந்து மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். கிளம்பியவர்கள் போனது சொந்த கிராமத்துக்கு. அங்கே நெல் இருந்தது, கிணறு இருந்தது. சில மாதங்களில் திரும்பி வந்து விட்ட இடத்தில் வேலையைத் தொடங்கினார்கள்.

ஆகவே கதை நகரங்களுக்கு நான் வைக்கும் முதல் கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பம்ப் இல்லாமல் வருமா? இதில் சான் பிரான்சிஸ்கோ எதிர்பாராமல் தேறிவிடுகிறது. அந்த ஊருக்குத் தண்ணீர் யோசெமிட்டி மலையிலுள்ள ஹெட்ச் ஹெட்சி அணையிலிருந்து 1934 முதல் வருகிறது, 250 கிலோமீட்டருக்கும் மேல், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே பாய்ந்து. 1906 நிலநடுக்கத்தில் குழாய்கள் உடைந்து, தீயை அணைக்கத் தண்ணீர் இல்லாமல் வெந்த ஊர் அது. ஸ்டார் ட்ரெக் எழுதியவர்கள் இதையெல்லாம் பார்த்தா தேர்ந்தெடுத்தார்கள்? சத்தியமாக இல்லை. ஆனாலும் மதிப்பெண் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

லாஸ் வேகாஸ் விஷயம் வேறு. ஃபால்அவுட் கணினி விளையாட்டு வரிசையில் 2077 அக்டோபர் 23 அன்று உலகம் எரிகிறது. வேகாஸ் மட்டும் தப்புகிறது, ஒரு கோடீசுவரர் முன்யோசனையோடு ஏவுகணைத் தடுப்பு வைத்திருந்ததால். 2010இல் வந்த அந்தப் பாகத்தில் நான் தொலைத்த தூக்கத்துக்குக் கணக்கில்லை. அதைப் பாராட்டுவதற்குக் காரணம் சூதாட்ட விடுதி விளக்குகள் அல்ல. கதையில் எல்லாப் படைகளும் ஹூவர் அணைக்காக மோதுகின்றன. விளக்கு எரிய வேண்டுமென்றால் அணை யார் கையில் என்பதுதான் கேள்வி என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நிஜ வேகாஸ் தன் தண்ணீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தை அந்த அணை தேக்கும் மீட் ஏரியிலிருந்து பம்ப் போட்டு மேலே ஏற்றுகிறது. அந்த ஏரி 2022 ஜூலையில், முதன்முதலாக நிரப்பப்பட்ட காலத்துக்குப் பிறகு கண்டிராத அளவுக்குக் கீழே போனது. சுற்றிலும் பாலைவனம், சொல்லிக்கொள்ளும்படி விளைச்சல் கிடையாது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லாரி வரும்வரை காத்திருக்கும் ஊர். ஏவுகணையைத் தடுக்கலாம், அடுத்த வாரச் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

பதுங்கு குழிகளைப் பற்றியும் கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் சோனன்பர்க் என்ற நெடுஞ்சாலைச் சுரங்கத்தை 1976இல் திறந்தார்கள். போர் வந்தால் அதற்குள் 20,000 பேர் தங்கலாம் என்று ஏற்பாடு. ஒன்றரை மீட்டர் தடிமனில் கான்கிரீட் கதவுகள். 1987இல் ஒத்திகை பார்த்தபோது அதில் ஒரு கதவு சரியாக மூடவே இல்லை. மூடியிருந்தாலும் என் கருத்து மாறாது. சுரங்கத்துக்குள் உட்கார்ந்திருப்பது காத்திருப்பு, ஊர் நடத்துவது இல்லை.

இரண்டாவது கேள்வி சோறு. அணுப்போரில் எரியும் நகரங்களின் கரி மேலே போய் வெயிலை மறைத்து அணுக்குளிர்காலம் வரும் என்று 1983இலிருந்தே விஞ்ஞானிகள் சொல்லி வருகிறார்கள். 2022இல் வந்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவும் ரஷ்யாவும் முழுமூச்சாக மோதினால் உலகெங்கும் 500 கோடிக்கும் அதிகமானோர் பட்டினியில் சாகக்கூடும். இவர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டைக் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஓரளவு தாக்குப்பிடிக்கக்கூடியவை என்று அந்தக் கணக்கில் தேறும் நாடுகள் தெற்கே இருக்கின்றன: ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா.

வேடிக்கை என்னவென்றால் 1957இல் நெவில் ஷூட் எழுதிய 'ஆன் தி பீச்' நாவலில் கடைசியாக உயிரோடு இருக்கும் பெருநகரம் மெல்போர்ன். வடக்கே எல்லாம் முடிந்து, கதிரியக்கக் காற்று மெதுவாகத் தெற்கே இறங்கி, அந்த ஊரும் சாகக் காத்திருக்கிறது. இன்றைய கணக்கில் ஷூட் ஊரைச் சரியாகப் பிடித்தார், சாவைத் தப்பாகப் பிடித்தார். சாதாரண அணுகுண்டின் கதிரியக்கத் தூசு நேரம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒன்றாகக் குறைகிற ரகம். குண்டு வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்த அளவு இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். பூமத்திய ரேகையைத் தாண்டி வருவதற்குள் அதன் பல் பெரும்பாலும் விழுந்திருக்கும். மெல்போர்னுக்குக் கோதுமை பிரச்சினை இல்லை, ஆஸ்திரேலியா விளைவிப்பதில் பாதிக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. அறுக்கிற எந்திரத்துக்கும் ஏற்றுகிற லாரிக்கும் டீசல்தான் பிரச்சினை. எரிபொருளில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, நாட்டில் மிச்சமிருப்பவை இரண்டே சுத்திகரிப்பு ஆலைகள். அதில் ஒன்று மெல்போர்னுக்குப் பக்கத்திலேயே ஜீலாங்கில் இருப்பது கொஞ்சம் ஆறுதல்.

இதே கவலையை நியூசிலாந்து முன்பே பட்டுப் பார்த்தது. 1985இல் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் கப்பலைப் பிரெஞ்சு உளவுத்துறை வெடிவைத்து மூழ்கடித்ததற்குப் பிரான்ஸ் நஷ்டஈடு கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அணுப்போர் வந்தால் தங்கள் நாட்டுக்கு என்ன ஆகும் என்று ஆராயவைத்தார்கள். 1987இல் அது புத்தகமாக வந்தது. குண்டு விழாமல் போனாலும் இறக்குமதி நின்றுபோவதே பெரிய அடி என்பதுதான் அதன் சாரம். மருந்து, உதிரிப்பாகம், எண்ணெய். ஆடு மாடு நிறைய இருக்கும், எந்திரம் கெட்டால் செய்துதர ஆள் இருக்காது.

மூன்றாவது கேள்வி அதிலிருந்துதான் வருகிறது: அந்த ஊரில் பொருளைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? வால்டர் மில்லர் 1959இல் வெளியிட்ட லைபோவிட்ஸ் நாவலில் போருக்குப் பின் பாலைவன மடத்துத் துறவிகள் ஒரு மின்சுற்று வரைபடத்தை அர்த்தம் தெரியாமல் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கிறார்கள். மில்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், இத்தாலியின் மோன்டே கசீனோ மடத்தைத் தகர்த்த தாக்குதலில் பங்கெடுத்தவர். அதனாலோ என்னவோ, அவர் நாவலில் ஓங்கி நிற்பது நியூயார்க் இல்லை, டெக்சஸ் எல்லையிலுள்ள டெக்சர்கானா. யாரும் அஞ்சலட்டை வாங்கப் போகாத ஊர். அந்தத் தேர்வுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சரி, நீ ஒரு ஊரைச் சொல் என்றால் தயங்காமல் சொல்வேன்: அர்ஜென்டினாவின் பரிலோச்சே.

ஆண்டிஸ் மலையடிவாரத்தில், நவுவெல் வாப்பி என்ற பனியாற்று ஏரிக்கரையில், லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் சுற்றுலா ஊர். சாக்லேட்டுக்கும் பனிச்சறுக்குக்கும் பேர் போனது. ஏரியிலிருந்து புறப்படும் லிமாய் ஆற்றில் அடுத்தடுத்துப் பெரிய நீர்மின் அணைகள். ஆறு போய்ச் சேரும் பள்ளத்தாக்கில் வாய்க்கால் பாசனம், ஆப்பிளும் பேரிக்காயும் காய்த்துத் தள்ளும் பூமி. அதையொட்டி நியூகென் மாகாணத்தில் எண்ணெய், எரிவாயு, சிறிய சுத்திகரிப்பு ஆலை. எந்த வல்லரசும் குண்டை வீணாக்க விரும்பாத மூலை.

ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒரு மோசடி. 1951 மார்ச்சில் அதிபர் பெரோன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, சூரியன் எரிகிற முறையான அணுக்கரு இணைவை நாங்கள் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று அறிவித்தார். சாதித்ததாகச் சொல்லிக்கொண்டவர் ரொனால்ட் ரிக்டர் என்ற ஆஸ்திரியப் பிறவி. சோதனைச்சாலை பரிலோச்சே ஏரிக்குள் இருந்த வேமுல் தீவில். பால் மாதிரி பாட்டிலில் அடைத்து மின்சாரம் விற்கப்போகிறோம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அடுத்த வருஷமே ஒரு குழு போய்ப் பார்த்து, சரக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் குழுவில் இருந்த இளம் இயற்பியலாளர் ஹோசே பல்சேரோ, மிச்சமிருந்த கருவிகளையும் இடத்தையும் வைத்து 1955இல் ஓர் இயற்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே படித்தவர்களைச் சுற்றி வளர்ந்தது 1976இல் உருவான இன்வாப் நிறுவனம். சிட்னிக்கு வெளியே ஓடும் ஆராய்ச்சி அணு உலை இவர்கள் கட்டியது. ரேடார் செய்கிறார்கள், செயற்கைக்கோள் செய்கிறார்கள். மில்லரின் துறவிகள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

இருண்ட வானத்துக்கும் ஊர் ஒத்திகை பார்த்தாயிற்று. 2011 ஜூன் 4 அன்று எல்லைக்கு அப்பால் சிலியில் புயேவே எரிமலை வெடித்தது. மதியத்துக்குப் பிறகு பட்டப்பகலில் இருட்டியது, மணல் மாதிரி சாம்பல் கொட்டியது, ஏரியின் மேல் நுரைக்கல் மிதந்தது. விமானங்கள் பல மாதம் ஒழுங்காக வரவில்லை. ஜனங்கள் கூரையிலிருந்து சாம்பலை மண்வெட்டியால் தள்ளினார்கள், சாலைகளைத் திறந்தார்கள். அணுக்குளிர்காலம் வருஷக்கணக்கில் நீளும், இது அதில் ஒரு துளி என்பது தெரியும். இருந்தாலும் துளியைக்கூடப் பார்க்காத ஊர்கள்தான் உலகில் அதிகம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. இன்வாப் செயற்கைக்கோளை வானத்துக்கு அனுப்பியது கலிபோர்னியாவின் ராக்கெட்டும் பிரெஞ்சு கயானாவின் ஏவுதளமும்தான். மின்னணுச் சில்லுகள் எல்லாம் வெளியிலிருந்து வருபவை, கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதைவிடப் பெரிய குறை, மலையில் கோதுமை விளையாது. அது வடகிழக்கே பாம்பா சமவெளியிலிருந்து வர வேண்டும். கோதுமைத் துறைமுகமான பஹியா பிளாங்காவுக்குத் தெற்கே வியட்மா என்று ஓர் ஊர். அங்கிருந்து பரிலோச்சேவரை, வறண்ட புல்வெளி ஊடே 800 கிலோமீட்டருக்கு மேல் ஒற்றை ரயில் பாதை இன்றும் இருக்கிறது.

எனக்குக் கதை எழுத வருமென்றால் ஏரிக்கரை விஞ்ஞானிகளோடு ஆரம்பிக்க மாட்டேன். அந்தப் பாதையில் நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு சின்ன நிலையத்தில், நிலைய அதிபரோடு ஆரம்பிப்பேன். மேற்கேயிருந்து டீசலும் ஆப்பிளும் வரும், கிழக்கேயிருந்து கோதுமை போகும், அதே வண்டியில் இடம் கேட்டு வடக்கேயிருந்து வந்தவர்கள் நடைமேடையில் நிற்பார்கள். புவனோஸ் ஐரஸையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஜனம். பரிலோச்சேயிலிருந்து தந்தி வருகிறது: இந்த வாரம் உலோகம் பற்றவைப்பவர், பல் மருத்துவர், மருத்துவச்சி மட்டும் ஏற்றவும். நடைமேடையில் முதல் ஆளாக நிற்பவர் பள்ளிக்கூடத்து இசை ஆசிரியர், கையில் இரண்டு குழந்தைகள். என்ன தொழில் என்று நிலைய அதிபர் கேட்க வேண்டும், கேட்டதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.